ஒரு செயினுக்கு மூன்று எண்ணெய்

அக்கா போன் பண்ணி, "வந்து இவளுக்கு நாலு வார்த்தை புத்தி சொல்லிட்டுப் போடா, ஒன் பேச்சைத்தான் கேப்பா" என்றாள். என் பேச்சை என் வீட்டிலேயே யாரும் கேட்பதில்லை. ஆனால் அக்கா சொல்லித் தட்டிப் பழக்கமில்லை. புனே கிளம்பிவிட்டேன்.

விஷயம் இதுதான். ஜெயா அக்கா கல்யாணமாகிப் போனதிலிருந்து தாபோடியில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் சுந்தரம் மச்சானுக்குச் சிஞ்ச்வட்டில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. வருகிற பீஸ் நல்லதா, கழிக்க வேண்டியதா என்று பார்த்துச் சொல்கிற பிரிவு. ஒரே மகள் நித்யா. கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை ராஜினாமா செய்துவிட்டு, ஜுன்னர் பக்கம் ஒரு விதைக் கம்பெனியில் கிராமம் கிராமமாகப் போய் வயல் பார்க்கிற வேலைக்குச் சேரப் போகிறேன் என்கிறாள். திங்கட்கிழமை சொந்த பைக்கோடு வந்து நிற்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்களாம். மழைக்காலம், மலைப்பாதை, பொம்பளைப் பிள்ளை. ராஜினாமா கொடுத்த அன்றிலிருந்து மச்சான் அவளோடு பேசுவதில்லை.

நான் திண்டுக்கல்லில் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. நத்தம், பழநி, வத்தலகுண்டு என்று நாளெல்லாம் பைக்கில்தான் பிழைப்பு. பைக்கிலேயே கிடக்கிறவன் வேண்டாம் என்று சொன்னால் அவள் கேட்பாள் என்பது அக்காவின் கணக்கு.

வெள்ளிக்கிழமை புனேயில் இறங்கி லோக்கல் ரயிலில் ஏறினேன். தாபோடி வந்தபோது பிளாட்பாரம் எந்தப் பக்கம் வரும் என்று தெரியாமல் எதிர்ப்பக்கக் கதவில் நின்றிருந்தேன். திரும்பிக் கூட்டத்தில் நீந்தி வருவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. கீரைக்கட்டோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் மராத்தியில் ஏதோ சொல்ல, சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பக்கத்தில் நின்ற காலேஜ் பையன் இந்தியில் விளக்கினான்: "இறங்குறவன் முன்னாடியே வந்து நிக்கணும், கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்னா யாரு வந்து கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவாங்கன்னு கேக்கறாங்க." நியாயமான கேள்விதான். அடுத்த ஸ்டேஷனில் இறங்கி நித்யாவுக்குப் போன் போட்டேன்.

புனேயில் வண்டி ஓட்டும் பெண்கள் முகத்தைத் துப்பட்டாவால் சுற்றிக் கட்டிக்கொள்கிறார்கள். தூசிக்காக என்கிறார்கள், மழையிலும் கட்டுகிறார்கள். கண் மட்டும்தான் தெரியும். ஸ்டேஷன் வாசலில் வந்து நின்ற ஒரு ஸ்கூட்டர்காரியை நித்யா என்று நினைத்துப் பையைத் தூக்கி வைக்கப் போய்விட்டேன். அந்தப் பெண் பதறிப் போனாள்.

"மாமா, நான் இங்க இருக்கேன். எதுக்கு அந்த மேடம் வண்டியில ஏறப் போறீங்க?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

நித்யாவின் பைக் கொஞ்சம் பெரியது, பழசாக வாங்கியது. நம் ஊரில் நான் ஓட்டுகிற வண்டிக்குச் செயினை மூடி முழுத் தகரக் கவசம் உண்டு. இதற்கு மேலே ஒரு சின்னப் பட்டை மட்டும். செயின் திறந்தவெளியில் ஓடியது. ஏறி உட்காருமுன் பார்த்தேன். கொழகொழவென்று கறுப்பாக, சேறும் எண்ணெயும் கலந்து அப்பியிருந்தது. வண்டியை இவ்வளவு ஆசையாக வைத்திருக்கிற பிள்ளை செயினை ஏன் இப்படி விட்டிருக்கிறாள் என்று தோன்றியது. முதல் நாளே குறை சொல்ல வேண்டாம் என்று சும்மா இருந்தேன்.

ராத்திரி சாப்பாட்டில் சாம்பார் தித்தித்தது. "வெல்லம் போட்டியாக்கா?" என்று கேட்டேன். "துளியூண்டு. இங்க எல்லாரும் போடுறதுதான். காந்தா அறுத்து வச்சிருக்கேன், கடிச்சுக்க" என்றாள். இங்கே வெங்காயம் காந்தாவாகி, பொரியல் பாஜியாகி வெகுகாலம் ஆகிவிட்டது. மச்சான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார். நித்யா போனைப் பார்த்துச் சாப்பிட்டாள். அக்கா என்னை முழங்கையால் இடித்தாள், ஆரம்பி என்று.

"ஏம்மா நித்யா, இந்த மலை ரோடெல்லாம் மழைக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"மாமா, நீங்க ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீங்க?"

"நூறு, நூத்தியிருபது."

"மழை வந்தா?"

"வந்தாலும்தான். ஆஸ்பத்திரி மழைக்கு லீவு விடுமா?"

"அப்புறம்?" என்றாள்.

நான் இன்னொரு சப்பாத்தி வாங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை விடியும்போதே ரயில் சத்தத்தில் விழிப்பு வந்துவிட்டது. பால்கனியில் நின்று கீழே பார்த்தால், பார்க்கிங்கில் மச்சான் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். யூனிபார்மோடு. நித்யாவின் வண்டியைப் பெரிய ஸ்டாண்டில் நிறுத்தி, இடது கையால் பின்சக்கரத்தை மெதுவாகச் சுற்றிக்கொண்டு, வலது கையில் ஒரு பிளாஸ்டிக் குப்பியால் செயினின் உள்பக்கத்தில் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தார். நான் படியிறங்கிப் போனதும் குப்பியைப் பின்னால் மறைத்தார்.

"என்ன மச்சான் இது?"

"கியர் ஆயில்தான், தொண்ணூறு நம்பர். காஞ்சிருந்தா ஒருநாள் பட்டுன்னு அறுந்து சக்கரத்துல சுத்திக்கும் மாப்ளே. அவகிட்ட சொல்லிறாதே."

"எத்தனை நாளைக்கு ஒருக்கா போடுறீங்க?"

"தினமும்தான். மழையில கழுவிட்டுப் போயிருதுல்ல?"

எனக்குத் தலை சுற்றியது. எண்ணெய் சரி, போடுகிற இடமும் சரி. உருளைகளுக்கு நடுவே இறங்க வேண்டும் என்றால் உள்பக்கமாகத்தான் விட வேண்டும். என்ஜினை ஓட்டாமல் கையால் சுற்றுவதும் சரி. விரல் தப்பும். ஆனால் போட்ட எண்ணெய் உள்ளே இறங்கச் சில மணி நேரம் வேண்டும், பிறகு மிச்சத்தைத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். போட்ட உடனே வண்டியை எடுத்தால் அவ்வளவும் சிதறிச் சக்கரத்தில் அடிக்கும்.

"மச்சான், மருந்துன்னா அளவு வேணும். சாயங்காலம், வண்டி வந்து நின்னப்புறம், பத்து நாளைக்கு ஒருக்கா போட்டாப் போதும். காலையில போடக் கூடாது."

"எனக்குத் தெரியாதா மாப்ளே? சாயங்காலம் அவ இங்கயே நிப்பாளே." அவர் குப்பியைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஷிஃப்ட்டுக்குப் போய்விட்டார்.

சனிக்கிழமையாயிற்றே, எண்ணெய் தேய்த்துக் குளிக்கலாம் என்று அக்காவிடம் நல்லெண்ணெய் கேட்டேன். பாட்டிலில் ஒரு கை அளவுதான் இருந்தது, அதையும் அவள் ஒரு சொம்பில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"கடையில வாங்கிட்டு வரேன்."

"சனிக்கிழமை எண்ணெய் வாங்கப்படாது. இங்க யாரும் வாங்க மாட்டாங்க. சனியை வீட்டுக்குக் கூப்பிட்ட மாதிரி."

நம் ஊரில் ஆம்பிளைகள் சனிக்கிழமை எண்ணெய் தேய்க்காவிட்டால்தான் ஏச்சு விழும். இங்கே சனிக்கிழமை எண்ணெய் மனுஷனுக்கு இல்லை, சாமிக்கு. அக்காவோடு மாருதி கோயிலுக்குப் போனேன், நம் ஊர் ஆஞ்சநேயர்தான். எல்லார் கையிலும் ஒரு எண்ணெய்க் கிண்ணம், எருக்கம்பூ மாலை. வரிசையில் முன்னால் நின்ற பெரியவர் இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டிருந்ததை அக்கா மொழிபெயர்த்தாள்: "மருமகளுக்கு மாருதி மேல அவ்வளவு பக்தி, எனக்குப் பஜியா பொரிக்கத்தான் எண்ணெய் இல்லேங்கறா." திரும்பும்போது தெருமுனைக் கடையில் மிசல் சாப்பிட்டோம். முளைகட்டிய பயறு, மேலே சிவப்பாக மிதக்கும் குழம்பு, அதற்கு மேல் காராசேவு, தொட்டுக்கொள்ள பாவ் ரொட்டி. கண்ணில் தண்ணீர் வந்தது, இன்னொரு கரண்டி குழம்பு கேட்டேன்.

பார்க்கிங்கிற்கு வந்ததும் அக்கா அக்கம்பக்கம் பார்த்தாள். கோயிலில் ஊற்றியது போகச் சொம்பில் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தாள். நேரே நித்யாவின் வண்டியிடம் போய், "ஜெய் மாருதி" என்று சொல்லிச் செயின் மேல் கடகடவென்று ஊற்றினாள்.

"அடியாத்தி! என்னக்கா பண்றே?"

"கத்தாதே. அவளுக்கு ஏழரை நடக்குது. சனிக்குப் பிடிச்சது இரும்பும் எண்ணெயும். இந்த வண்டியில எண்ணெய் படுற இரும்புன்னா இதுதானே? வாராவாரம் ஊத்துறேன், ஒரு கீறல்கூட இல்லாம வரா பாத்தியா? அவகிட்ட சொல்லிறாதே."

நல்லெண்ணெய் செயினில் பட்டால் நாளாவட்டத்தில் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும், வருகிற தூசியெல்லாம் அதில் உட்காரும். சொன்னேன். "மாருதி பாத்துக்குவாரு" என்றாள். ஒரே காலையில் இரண்டு ரகசியம் காக்க வேண்டியவனாக மாடிக்குப் போனேன். எண்ணெய்க் குளியல் இல்லை.

சாயங்காலம் நித்யா கீழே மண்ணெண்ணெயும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் துணியுமாக உட்கார்ந்து செயினைச் சுத்தம் செய்தாள். கணுக்கணுவாகத் தேய்த்து, துடைத்து, காயவிட்டு, அளவாக எண்ணெய் விட்டு, மறுபடி துடைத்தாள். நான் செய்வதைவிடச் சுத்தம். "மாமா, ஒண்ணு புரியல. இவ்ளோ கிளீன் பண்றேன். ரெண்டு நாள் கழிச்சுப் பாத்தா மறுபடி முழுக்க எண்ணெய். மத்லப், அதாவது, எங்கேருந்து வருது?" என்று கேட்டாள். நான் வானத்தைப் பார்த்து மழை வரும்போல இருக்கிறது என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மழைக்கால்சட்டையும் வண்டியில் கட்ட ஒரு பையும் வாங்க வேண்டும் என்று நித்யா என்னைச் சிஞ்ச்வட்டுக்குக் கூட்டிப்போனாள். மச்சானுக்கு அன்றைக்கு லீவு. ஆனாலும் நாங்கள் கிளம்புவதற்கு முன்னாலேயே கீழே போய்விட்டு வந்திருந்தார் என்பது அவர் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

மழை தூறிக்கொண்டிருந்தது. மேம்பாலத்துக்குக் கீழே திரும்பும்போது பின்சக்கரம் தனியாக எங்கோ போயிற்று. அடுத்த நிமிஷம் நான் தார் ரோட்டில் உட்கார்ந்திருந்தேன். வேகமில்லை, அதனால் முழங்கால் சிராய்ப்போடு போயிற்று. நித்யாவுக்கு உள்ளங்கை தேய்ந்திருந்தது. வடாபாவ் வண்டிக்காரர் ஓடி வந்து தூக்கினார். பின்னால் ஒரு பஸ் நின்றிருந்தது. நின்றதால்தான் இதை எழுதுகிறேன்.

வடாபாவ் வண்டிக்காரர் பின் டயரைத் தொட்டு விரலை நித்யாவிடம் காட்டினார். "மகளே, இதுல என் ஒருநாள் வடையைப் பொரிக்கலாம்" என்றார். சக்கரத்தின் வளையம் முழுக்க எண்ணெய்த் திட்டு, டயரின் ஓரம் வரைக்கும்.

நித்யா குனிந்து பார்த்தாள். "நேத்துதானே துடைச்சேன். அப்ப இது செயின் எண்ணெய் இல்ல மாமா. என்ஜின்லேருந்து வருது. சீல் போச்சு" என்றாள். முன் பல்சக்கரத்துக்குப் பின்னால் ஒரு ரப்பர் வளையம் உண்டு, அது போனால் என்ஜின் எண்ணெய் கசிந்து செயின் வழியாகச் சக்கரத்துக்கு வரும். அவள் யோசித்ததில் தப்பே இல்லை. வீட்டில் உள்ளவர்கள் மனசு தெரியாத யாரும் அப்படித்தான் யோசிப்பார்கள்.

பக்கத்திலிருந்த மெக்கானிக் கடையில் மழையில் நின்றுபோன வண்டிகள் ரோடு வரைக்கும் வரிசை கட்டியிருந்தன. மெக்கானிக் உட்கார்ந்த இடத்திலிருந்தே எட்டிப் பார்த்துவிட்டு இந்தியில் சொன்னார்: "சீலாத்தான் இருக்கும். பிரிச்சுப் பாக்கணும். விட்டுட்டுப் போங்க, புதன்கிழமை வாங்க."

"தாதா, நாளைக்குக் காலையில வேணும்" என்று அண்ணன் முறை வைத்துக் கெஞ்சினாள் நித்யா.

"நாளைக்குக் காலையில எனக்கும் பத்து விஷயம் வேணும்."

வண்டியை விட்டுவிட்டு ரயிலில் திரும்பினோம். நித்யா ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதாள். துப்பட்டாவைக் கழற்றாமலே அழுததால் கண்ணுக்குக் கீழே துணி நனைந்துகொண்டே வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும், தெரியும். ஆனால் முழங்கால் எரிந்தது, அந்த பஸ்ஸின் முன்பக்கம் கண்ணிலேயே நின்றது. இந்தப் பிள்ளை மலைப்பாதைக்குப் போகாமலிருப்பதே நல்லது என்று அப்போதுதான் எனக்கு உண்மையாகவே தோன்றியது. வந்த காரியம் தானாக முடிகிறது, நாம் ஏன் கெடுப்பது என்றும் தோன்றியது.

வீட்டில் விஷயத்தைக் கேட்டதும் அக்கா முதலில் மகள் கைக்கு மஞ்சள் வைத்தாள். அப்புறம் என்னைச் சமையலறைக்கு இழுத்து, "பாத்தியா, மாருதியே வண்டியைப் பிடிச்சு நிறுத்திட்டாரு" என்றாள். அவ்வளவு சந்தோஷம். மச்சான் ஹாலில் டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். நாங்கள் விழுந்த கதையை நித்யா அம்மாவிடம் சொன்னதை முழுக்கக் கேட்டவர்தான். டிவியில் ஏதோ விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

நித்யா பால்கனிக் கதவோரம் போய் நின்று போனை எடுத்தாள். நாளைக்கு வர முடியாது என்று விதைக் கம்பெனி மேனேஜரிடம் சொல்லப் போகிறாள். நாங்கள் மூன்று பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்று பேருமே அவள் போகக் கூடாது என்று நினைப்பவர்கள். யாரும் ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா இருந்தால் போதும்.

"நித்யா, போனை வை" என்றார் மச்சான்.

அவள் திரும்பிப் பார்த்தாள். பேச்சு நின்று எத்தனையோ நாளைக்குப் பிறகு அவர் அவள் பேரைச் சொல்கிறார்.

"சீல் நல்லாத்தான் இருக்கு. ஆயில் நான் ஊத்துனது."

"நீங்களா?"

"காலையில. ஷிஃப்ட்டுக்கு முன்னாடி. இன்னைக்கும் ஊத்துனேன்."

"தினமுமா?"

அவர் தலையசைத்தார். அக்கா சமையலறை வாசலில் நின்று, "சனிக்கிழமையானா நானும் கொஞ்சம்..." என்று இழுத்தாள். "நல்லெண்ணெய்."

நித்யா அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவளுக்கு வந்தது கோபம். "பாகல் ஹோ கயே க்யா சப்? எல்லாருக்கும் பைத்தியமா? பின்னாடி பஸ் வந்துச்சுப்பா. மாமா கீழ விழுந்தாரு. செத்திருப்போம்." "ஆயில் ஊத்துறதுக்குத் தினமும் இறங்கி வந்தீங்க. ஒருநாள் என்கிட்ட வந்து பேசல. ஒரு வார்த்தை, ஒரு வார்த்தை பேசியிருந்தா, நான் தினமும் போடுறேம்மான்னு சொல்லியிருந்தா போதுமே!"

மச்சான் எழுந்து சட்டையை மாட்டினார். பல் துலக்கும் பிரஷ், மண்ணெண்ணெய், பாத்திரம் தேய்க்கும் சோப்பு, பழைய வெள்ளை வேட்டியிலிருந்து கிழித்த துணி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டார். "வா, மெக்கானிக் பிரிக்கிறதுக்குள்ள போயிரலாம்" என்றார்.

மெக்கானிக் கடை ஓரத்திலேயே அப்பாவும் மகளும் உட்கார்ந்து கழுவினார்கள். நான் குடை பிடித்தேன். செயினுக்கு மண்ணெண்ணெய், டயருக்கும் வளையத்துக்கும் சோப்பு. பேச்சு கிடையாது. "பிரஷ்," "இந்தப் பக்கம்," "சுத்து" இவ்வளவுதான். எல்லாம் காய்ந்ததும் முன் பல்சக்கரத்துக்குக் கீழே வெள்ளைத் துணியைக் கட்டினார் மச்சான். ஓட்டிப் பார்த்து, துணியில் எண்ணெய்ப் புள்ளி விழுந்தால் சீல் போய்விட்டது என்று அர்த்தம். நித்யா வண்டியைக் கிளப்பினாள். மச்சான் அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தார். மகள் ஓட்டும் வண்டியில் அவர் ஏறுவது அதுதான் முதல் தடவை என்று பிறகு அக்கா சொன்னாள்.

நான் மெக்கானிக்கோடு டீ குடித்துக்கொண்டு காத்திருந்தேன். ரொம்ப நேரம் கழித்துத்தான் வந்தார்கள். துணி வெள்ளையாகவே இருந்தது.

திங்கட்கிழமை காலையில் நித்யா கிளம்பினாள். அக்கா செயின் பக்கம் வராதபடி வண்டியின் மறுபக்கத்தில் நிற்க வைக்கப்பட்டாள், நெற்றியில் குங்குமம் வைக்க மட்டும் அனுமதி. மச்சான் பையின் வாரை இழுத்துச் சரிபார்த்தார். அவள் "வரேன்ப்பா" என்றாள். அவர் கையைக் காட்டினார். வண்டி கேட்டைத் தாண்டிப் போய்விட்டது.

மாடிக்கு வந்ததும் அக்கா கேட்டுவிட்டாள். "நீங்க வாயைத் திறக்காம இருந்திருந்தா இங்கயே இருந்திருப்பால்ல?"

"இருந்திருப்பா" என்றார் மச்சான். "நல்ல வண்டியைக் கெட்டதுன்னு நம்பிக்கிட்டு இருந்திருப்பா. பீஸ் நல்லா இருக்கும்போது கழிச்சுப் போட எனக்குக் கை வராது ஜெயா." பால்கனிப் பக்கம் திரும்பி, "நல்லா ஓட்டுறா. திருப்பத்துல வேகத்தைக் கொறைக்கிறா, பள்ளத்தை முன்கூட்டியே பாத்துர்றா. நான் இப்படின்னு நினைக்கல" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இதை அவகிட்ட சொன்னீங்களா?" என்றாள் அக்கா.

"இல்ல."

"போன் போட்டுச் சொல்றது?"

"ஓட்டும்போது எடுக்க மாட்டா." அதையும் ஒரு பெருமையாகத்தான் சொன்னார். அன்றைக்கு அவர் ஷிஃப்ட்டுக்குப் போகவில்லை. அவல் உப்புமாவை ஆறவைத்துத் தின்றார். போனை மடியிலேயே வைத்திருந்தார்.

மத்தியானம் போன் அடித்தது. அக்கா பாய்ந்தாள், அவர் கொடுக்கவில்லை. ஸ்பீக்கரைப் போட்டார். சேர்ந்துவிட்டேன், ஆபீஸில் கையெழுத்துப் போட்டாயிற்று, மழை இல்லை என்றாள் நித்யா.

"செயினைத் தொடச்சியா?" என்று கேட்டார் மச்சான். காலையிலிருந்து சொல்லக் காத்திருந்தது அதுவல்ல. அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"தொடச்சேன்ப்பா."

"ம்." போனை இன்னொரு கைக்கு மாற்றினார். "நீ நல்லா ஓட்டுறம்மா."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு, "கேக்கலப்பா" என்றாள்.

மச்சான் எழுந்து நின்று போனை வாயருகில் கொண்டுபோய், எதிர் பிளாட்காரர்கள் ஜன்னலைத் திறந்து பார்க்கும்படி கத்தினார்.

"நல்லா ஓட்டுறேன்னு சொன்னேன்!"